பாடாத மாதத்தில் மாப்பிள்ளை பார்க்கப் போனேன்

எங்கள் வீட்டில் மாப்பிள்ளை பார்க்க என்னை அனுப்பியதற்கு ஒரே காரணம், என்னிடம் மட்டும்தான் பாஸ்போர்ட் இருந்தது. ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில், எங்கள் லைனிலிருந்து சிலரை வெளிநாட்டுக்குப் பயிற்சிக்கு அனுப்பப் போவதாகச் சொல்லி எல்லோரையும் பாஸ்போர்ட் எடுக்க வைத்தார்கள். பயிற்சி வரவே இல்லை. பாஸ்போர்ட் மட்டும் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது.

மாப்பிள்ளை என் தங்கை ஸ்டெல்லாவுக்கு. அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. கணவர் இறந்து பல வருடமாகிறது. போர்ச்சுகலில் ஷூ தைக்கப் போனவள், அங்கிருந்து அசோர்ஸ் தீவுகளில் ஒன்றுக்குப் போய், ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் செய்கிறாள். அட்லாண்டிக் கடலுக்கு நட்டநடுவில் இருக்கிறது அந்தத் தீவு. ஒருநாள் போனில், "எனக்கு மானுவேல்னு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு. ஆனா அண்ணன் மனசு கோணி ஒரு கல்யாணம் எனக்கு வேணாம். நீங்க சரின்னாதான் சரி, இல்லன்னா விட்டுடறேன்" என்று சொல்லிவிட்டாள்.

"ஆள் இன்னா வேலை பண்றான்?" என்று கேட்டார் ஐசக் அண்ணன்.

"கடலுக்குள்ள மைக் போட்டு, திமிங்கலம் எப்ப பாடுது, எப்ப பாடலன்னு கேக்கறாருண்ணா."

அண்ணன் போனைக் காதிலிருந்து எடுத்து, அது சரியான போன்தானா என்று பார்த்தார்.

காட்பாடி ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிடும்போது அண்ணன் ஒரே ஒரு கட்டளைதான் போட்டார். "எஸ்தர், நல்லா பாத்துட்டு வா. காபி குடி, பிஸ்கட்டு துன்னு. அவன் வீட்டு சோத்துல மட்டும் கை நனைச்சிடாத. ஞாயித்துக்கிழமை நான் வீடியோ கால்ல வருவேன். அப்ப முடிவு பண்ணிக்கலாம்."

எங்கள் பக்கத்தில் அது பெரிய விஷயம். பெண் வீட்டாரோ பிள்ளை வீட்டாரோ, சம்பந்தம் முடிவாகும்வரை எதிர் வீட்டில் சாப்பிட மாட்டோம். இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, சம்மதம் என்று அர்த்தம். பிறகு யாரும் மாற்றிப் பேச முடியாது.

நான் தலையாட்டினேன். அண்ணன் முன்னால் என் வேலை தலையாட்டுவதுதான். சின்ன வயதிலிருந்தே அப்படி. பேச வேண்டியதையெல்லாம் விளக்கை அணைத்த பிறகு ஸ்டெல்லாவின் காதில் பேசுவேன். அவள் மறுநாள் காலையில் அதை என் சார்பில் அண்ணனிடம் சொல்லி அடி வாங்குவாள்.

தீவில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது மாடுகள். எங்கே திரும்பினாலும் பச்சை மேடு, மேட்டில் மாடு. ஸ்டெல்லா எரிமலையைக் காட்டுகிறாள், நான் மாட்டைப் பார்க்கிறேன். தோலில் ஒரு முள் கீறல் இல்லை, ஒரு உண்ணிக்கடி இல்லை, ஒரு சூட்டுத் தழும்பு இல்லை.

"பாப்பா, இந்தத் தோலு வந்துச்சுன்னா எங்க செக்கிங்ல கண்ண மூடிக்கினு பாஸ் பண்ணிடலாம்."

"அக்கா, அது உயிரோட இருக்குதுக்கா."

"நான் இன்னா இப்பவே உரிக்கவா சொன்னேன்?"

இருவரும் சிரித்த சிரிப்பில் டாக்சிக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். விமான நிலையத்திலிருந்து அவள் வீடு வரை இப்படித்தான் போனோம். எனக்கு ஐம்பதை எட்டப்போகும் வயது என்பது அன்று மறந்தே போனது.

மறுநாள் ஸ்டெல்லா வேலைக்குப் போய்விட்டு, மத்தியானம் முதியோர் இல்லத்துக்குப் பஸ் பிடித்து வரச் சொல்லி, விலாசம் எழுதிக் கொடுத்தாள். நம்மூரில் பஸ் நிற்க வேண்டுமென்றால் கண்டக்டரிடம் முன்கூட்டிச் சொல்லிவைக்கலாம், இல்லாவிட்டால் யாராவது "யோவ், எறங்கணும்யா" என்று கத்துவார்கள். அங்கே கண்டக்டரே இல்லை. கம்பியில் ஒரு சிவப்புப் பொத்தான், அதை அழுத்த வேண்டும். என் நிறுத்தம் வந்தது. அழுத்தினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று வேறு யாராவது அழுத்தக் காத்திருந்தேன். யாரும் அழுத்தவில்லை. அடுத்த நிறுத்தத்திலும் யாரும் அழுத்தவில்லை. ஒவ்வொருவராக இறங்கிப்போய், கடைசியில் நானும் டிரைவரும் ஒரு கலங்கரை விளக்கமும் மட்டும் மிச்சம்.

டிரைவர் எழுந்து வந்து என் எதிரே உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துப் பாதியை நீட்டினார். பிறகு என் கையிலிருந்த விலாசத்தைப் பார்த்து, பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு வந்து, முதியோர் இல்லத்து வாசலிலேயே இறக்கிவிட்டு, ஸ்டெல்லாவிடம் ஏதோ சொன்னார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்த்தாள். "உங்க அக்கா ஊர் சுத்திப் பாக்கணும்னு ஆசைப்பட்டாங்க, காட்டிட்டேன்னு சொல்றாருக்கா."

அதற்கடுத்த நாள்தான் அந்தத் தப்பு நடந்தது.

தீவின் ஒரு பள்ளத்தாக்கில் பூமி கொதிக்கிறது. நிஜமாகவே கொதிக்கிறது. தரையிலிருந்து புகை வருகிறது, கந்தக நாற்றம் அடிக்கிறது. ஸ்டெல்லா மூக்கைப் பொத்தினாள். தோல் பதனிடும் டேனரியின் காற்றில் வளர்ந்த எனக்கு அது ஒன்றுமே இல்லை. அங்கே மண்ணில் குழி தோண்டி, பெரிய டேக்சாவில் கறி, கோழி, கோஸ், சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி எல்லாம் அடுக்கி, மூடி போட்டுக் கட்டி விடியற்காலையில் புதைத்துவிடுகிறார்கள். அடுப்பு இல்லை, விறகு இல்லை. மத்தியானம் வரை பூமியே வேக வைக்கிறது.

"இது தம்மு பாப்பா! நம்ம பிரியாணி தம்மு!" என்று நான் கத்திவிட்டேன். ஆம்பூரில் தம் போட மூடிமேல் கரி கொட்டுவோம். இங்கே கரிக்குப் பதில் மண். அவ்வளவுதான் வித்தியாசம்.

குழியிலிருந்து டேக்சாவை ஒருவர் தூக்கி வந்தார். தோளில் துண்டு, கையில் நீளக் கரண்டி, முகமெல்லாம் ஆவி. நம்மூர் பண்டாரி போலவே இருந்தார். கல்யாண வீட்டில் பிரியாணி போடும் சமையற்காரரைப் பண்டாரி என்போம். பண்டாரியின் மனம் குளிர்ந்தால் நல்ல துண்டு விழும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆகவே நான் அவரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினேன். நல்ல துண்டு விழுந்தது. முள்கரண்டியைத் தள்ளிவைத்துவிட்டுக் கையால் சாப்பிட்டேன். மறுபடி உயர்த்தினேன். மறுபடி விழுந்தது. காரம்தான் கம்மி. மற்றபடி அந்தச் சேப்பங்கிழங்கு வாயில் வைத்ததும் காணாமல் போனது. மூன்றாவது தட்டு முடிந்து விரல் நக்கும்போது பண்டாரியின் கண்கள் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். புகையாக இருக்கும் என்று நினைத்தேன்.

"அக்கா," என்றாள் ஸ்டெல்லா மெதுவாக. "உனக்கு அவரைப் பிடிச்சிருக்கா?"

"நல்ல பண்டாரி."

"அக்கா, அவருதான் மானுவேல்."

விரல் வாயிலேயே நின்றது. ஸ்டெல்லா முன்பே அனுப்பியிருந்த போட்டோவில் இவருக்குத் தாடி உண்டு. அதை அன்று காலை, பெண்ணின் அக்காவைப் பார்க்கப் போகிறோம் என்று மழித்துவிட்டாராம். போட்டோ பார்த்த எனக்கு ஆளைத் தெரிந்திருக்கும் என்று ஸ்டெல்லா நினைத்துவிட்டாள்.

"டேக்சா?" என்று கேட்டேன், கடைசி நம்பிக்கையாக.

"அவங்க அம்மா விடிகாலையில அடுக்கிக் குடுத்தது."

அதாவது மாப்பிள்ளை வீட்டுச் சோறு. மாப்பிள்ளையே பரிமாறியது. மூன்று தட்டு.

"அண்ணனுக்கு இன்னாடி சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாத. இங்க சாப்பிட்டது ஆம்பூருக்கா தெரியப்போவுது? நீ நிதானமா பாரு. பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லு." அவள் சிரித்தபடிதான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது தட்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள், ஏற்கெனவே அடுக்கியதையும் எடுத்து மறுபடி அடுக்கினாள்.

அடுத்த நாள், பொறுப்பான அக்காவாக, மாப்பிள்ளையின் வேலை இடத்தைப் பார்க்கப் போனேன். துறைமுகத்தில் ஒரு சின்ன அறை. போனதும் நான் செய்த முதல் காரியம், அவர் வாசலில் கழற்றிவைத்த ஷூவைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தது. தொழில் புத்தி. சிலர் ஷூ ஒரு ஓரமாகவே தேயும், சிலருடையது முன்பக்கம் மட்டும் தேயும். இவருடையது சமமாகத் தேய்ந்திருந்தது. நிமிர்ந்தால் மானுவேல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். இருவருக்கும் முகம் சிவந்தது. அவரும் கூச்சக்காரர் என்று அப்போதுதான் தெரிந்தது.

கடலுக்கு அடியில் ஒரு கருவியைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அது வருடம் முழுக்கச் சத்தத்தைப் பிடித்துவைக்கிறது. அதை மேலே எடுத்து, எந்த மாதம், எந்த நேரம், எந்தத் திமிங்கலம் என்று பல்கலைக்கழகக்காரர்களுக்காகப் பிரித்துக் கொடுப்பது இவர் வேலை. கம்ப்யூட்டரில் சத்தத்தைப் படமாகக் காட்டினார். பார்த்தால் தையல்! ஒரே இடைவெளியில், ஒரே அளவில், வரிசையாகப் போட்ட தையல். துடுப்புத் திமிங்கலம் என்ற ஒன்றின் பாட்டாம் அது. நம் காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்த குரல் என்பதால், வேகத்தைக் கூட்டிக் காதில் மாட்டிவிட்டார்.

டும்... டும்... டும்...

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். டேனரியில் தோல் ஊறவைத்துச் சுற்றும் பெரிய மர டிரம்மின் சத்தம் அது. டேனரிச் சுவரை ஒட்டின வீட்டில் பிறந்தவர்களுக்கு அதுதான் தாலாட்டு. அடுத்து எனக்கு நினைவிருப்பது, ஸ்டெல்லா என் தோளை உலுக்கியது. மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்தில் பெண்ணின் அக்கா குறட்டை விட்டாள் என்ற பெருமையும் எங்கள் குடும்பத்துக்குச் சேர்ந்தது.

அவமானத்தை மறைக்க ஏதாவது கேட்டாக வேண்டும். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் கம்பெனி இங்கிலீஷ். டார்கெட், ரிஜெக்ட், ஷிப்மென்ட். அதில் பொருத்தமாக ஒன்றைப் பொறுக்கி, "நைட் ஷிஃப்ட்?" என்றேன். மாப்பிள்ளைக்கு இரவு வேலை உண்டா என்று தெரிந்துகொள்ளத்தான்.

அவர் முகம் விளக்குப் போட்டது போல ஆனது. திமிங்கலத்தைப் பற்றிக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார்! நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். ஸ்டெல்லா மூச்சு வாங்க மொழிபெயர்த்தாள்.

பாடுவது ஆண்கள்தானாம், அவர்களுக்குத் தெரிந்தவரை. இந்தக் கடலில் குளிர்காலம்தான் கச்சேரி. வசந்தம் வரவரக் குறைந்துகொண்டே போகும், கோடையில் அநேகமாக இல்லை. வேறொரு பெரிய கடலில் நீலத் திமிங்கலங்களைக் கவனித்திருக்கிறார்களாம். அங்கே தீனிக் காலத்தில் பகலெல்லாம் தின்னும், இருட்டிய பிறகுதான் பாடும். அவை கிளம்பிப் போகும் காலம் வந்துவிட்டால் இது மாறிவிடும். பகலிலேயே பாட ஆரம்பித்துவிடும். பாட்டு நேரம் மாறினால் பயணம் தொடங்கிவிட்டது என்று கரையில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ளலாம். "இந்தத் தீவுப் பக்கம் எப்படி என்று இன்னும் முழுசாகத் தெரியவில்லை, அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றார். தெரியாததைத் தெரியாது என்று இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன ஆண்பிள்ளையை நான் பார்த்ததில்லை.

"இப்ப பாடுமா?" என்றேன். கம்பெனியில் பக்கத்து மெஷின் நஸ்ரீன், "திமிங்கலப் பாட்டை ரெக்கார்ட் பண்ணாம வந்தியோ, உன்கூட பேஜாராயிடும்" என்று மிரட்டி அனுப்பியிருந்தாள்.

மானுவேல் உதட்டைப் பிதுக்கினார். மே மாதம் வந்துவிட்டதால் பாட்டுக் காலம் அநேகமாக முடிந்துவிட்டதாம்.

இருந்தாலும் மறுநாள் படகில் கூட்டிப் போனார். புடவைக்கு மேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. ஸ்டெல்லா போட்டோ எடுத்து, "பலாப்பழம் மாதிரி இருக்கக்கா" என்றாள். பாலாற்றில் தண்ணீர் வந்தாலே ஊர் திரண்டு வேடிக்கை பார்க்கும் பூமியிலிருந்து வந்தவள் நான். படகு ஆடிய ஆட்டத்தில், காலையில் குடித்த காபி கடலுக்கே போனது. என் தலையைப் பிடித்துக்கொண்டவர் மானுவேல். இஞ்சி மிட்டாய் ஒன்றைப் பிரித்துக் கையில் வைத்துவிட்டு, நான் வெட்கப்படக்கூடாதென்று அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அப்போது கடல் மூச்சு விட்டது.

வேறெப்படிச் சொல்வது? உஸ்ஸென்று தூண் மாதிரி நீராவி எழுந்தது. பின்னால் ஒரு முதுகு வந்தது. வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. ரயில் காட்பாடி பாலத்தைக் கடப்பது போல முடிவே இல்லாமல் நீண்டது. துடுப்புத் திமிங்கலம்! மானுவேல் மைக்கைத் தண்ணீரில் விட்டார். வேகம் கூட்டினால்தான் அதன் பாட்டு நமக்குக் கேட்கும், ஆனால் திரையில் உடனே தையல் தெரியும் என்றார். மூவரும் திரையைப் பார்த்தோம். வெறும் துணி. ஒரு தையல்கூட இல்லை.

"இவ்ளோ பெரிசு, ஒரு வார்த்தை பேசலியே" என்றேன்.

மானுவேல் ஏதோ சொன்னார். ஸ்டெல்லா சிறிது தாமதித்துத்தான் மொழிபெயர்த்தாள். "பாடலன்னா இல்லைன்னு நெனச்சிடக் கூடாதாம்க்கா. சாப்பிட்டுக்கினு இருக்குதாம்."

திரும்பி வரும் வழியில் வேறொரு கூட்டம். சதுரத் தலை, சுருங்கிய தோல், உடம்பெல்லாம் கீறல். எண்ணெய்த் திமிங்கலமாம். "இது செக்கிங்ல நிக்காது. மொத்த லாட்டும் ரிஜெக்ட்" என்றேன். ஸ்டெல்லா அதை, "ரொம்ப அழகா இருக்குன்னு சொல்றாங்க" என்று மாற்றிச் சொன்னாள். இவை பாடுவதில்லை, ஆனால் வருடம் முழுக்கச் சத்தம் போடுமாம். காதில் மாட்டினேன்.

டக் டக் டக் டக் டக். நடுவில் ஒன்று வேகமெடுத்து டர்ர்ர்ரென்று ஓடி நின்றது.

நான் கையைத் தட்டிவிட்டேன். அது எங்கள் ஹால்! நூறு மெஷின் ஒன்றாக ஓடும் எங்கள் தையல் ஹால், கடலுக்கு அடியில் நடக்கிறது! அந்த டர்ர்ர் என்பது இரையை நெருங்கும்போது எழுப்பும் சத்தமாம். எனக்கென்னவோ, மத்தியானம் டார்கெட் முடிக்க நஸ்ரீன் மெஷினை மிதிப்பது போலத்தான் இருந்தது. ரெக்கார்ட் செய்து கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு. அண்ணன் வீடியோவில் வரப்போகும் நாள். அந்த நாள் நெருங்கியதும் என் தைரியமெல்லாம் ஓடிப் போய்விட்டது. ஸ்டெல்லா சொன்னபடி பழையதை மறைத்துவிடலாம், இன்றைக்காவது முறைப்படி நடந்துகொள்ளலாம் என்று முடிவு செய்தேன். மானுவேலின் அம்மா மேசை நிறைய வைத்திருந்தார். மீன், ரொட்டி, பாலாடைக்கட்டி, முட்டைப் பலகாரம். நான் காபியை மட்டும் எடுத்துக்கொண்டு, வயிற்றைத் தொட்டு, கையை ஆட்டினேன்.

அம்மாவின் முகம் வாடியது. மகனிடம் ஏதோ கேட்டார். ஸ்டெல்லா எனக்கு மொழிபெயர்க்கவில்லை. நான்தான் வற்புறுத்தினேன்.

"அன்னைக்கு அவ்ளோ ஆசையா சாப்பிட்டாங்களாமே, இன்னைக்கு நான் இன்னா தப்பு பண்ணேன்னு கேக்கறாங்கக்கா." சொல்லிவிட்டு ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் போய் நின்றாள். எனக்குப் பிடிக்கவில்லை என்றே முடிவு செய்துவிட்டவள் போல நின்றாள்.

அப்போது போன் அடித்தது.

இங்கே பட்டப்பகல். திரையில் ஆம்பூர் வீடு டியூப்லைட்டோடு தெரிந்தது. நடுவில் அண்ணன், பின்னால் அண்ணி, அதற்குப் பின்னால் பாதித் தெரு.

"இன்னா எஸ்தர், பாத்தியா? ஆள் எப்படி? வேலை பர்மனென்ட்டா? அது இன்னா, காது கேக்கற வேலை? பிடிக்கலன்னா பயப்படாம சொல்லு. கை கிய் நனைக்கலதான?"

வழக்கம்போல ஸ்டெல்லாவைப் பார்த்தேன். எனக்குப் பதில் அவள்தான் பேசுவாள். ஆனால் இந்தத் தடவை அவளுக்காக அவளே பேச முடியாது. மானுவேல் ஒன்றும் புரியாமல், மழித்த தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். இஞ்சி மிட்டாய் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்ற அதே ஆள்.

"நனைச்சாச்சுண்ணா" என்றேன்.

"இன்னா?"

"கை நனைச்சாச்சு. மூணு தட்டு. அவரே போட்டாரு. மொதல்ல தெரியாமதான் துன்னேன். இப்ப தெரிஞ்சே சொல்றேன், மறுபடி போட்டா மறுபடி துன்னுவேன். நல்ல மனுசன்ணா. ஷூ சமமா தேயுது. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றாரு. நான் கடல்ல வாந்தி எடுத்தப்ப தலைய புடிச்சிக்கினாரு. நம்ம ஸ்டெல்லாவுக்கு இவருதான்."

என் வாழ்நாளில் அண்ணன் முன்னால் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. குரல் பெரிதாக வேறு இருந்திருக்க வேண்டும். தெருவில் யாரோ, "எஸ்தரா பேசுது?" என்று கேட்டது எனக்கே கேட்டது.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. படம் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, பின்னால் அண்ணி கண் சிமிட்டினார். அண்ணன் பேசாமல் இருந்தார். இருந்துகொண்டே இருந்தார். மீசையை ஒரு தடவை ஒதுக்கினார். பாடவில்லை என்பதற்காக ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"இன்னா போட்டான்?" என்றார் அண்ணன்.

"கறி, கோழி, சேப்பங்கிழங்கு. மண்ணுல பொதைச்சு தம் போட்டது."

"தம்மா?" அண்ணன் திரைக்கு நெருங்கி வந்தார். அவர் மூக்கு மட்டும் தெரிந்தது. "கறி வெந்துச்சா?"

"பூ மாதிரி."

"காரம்?"

"காரம் கம்மிதாண்ணா."

அண்ணன் பின்னால் திரும்பி அண்ணியைப் பார்த்தார், பிறகு மானுவேலை, பிறகு ஸ்டெல்லாவை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அப்ப கல்யாணத்துக்கு பண்டாரி இங்க இருந்துதான். அதை இப்பவே சொல்லிடு அவனுக்கு."

ஸ்டெல்லா அதை மொழிபெயர்க்கவே இல்லை. ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "பகல்லயே பேசிட்டியேக்கா, பகல்லயே பேசிட்டியே" என்று அழுகையும் சிரிப்புமாக என் காதில் கத்தினாள். என்ன நடந்ததென்று தெரியாத மானுவேல், எதற்கும் இருக்கட்டும் என்று தன் கட்டைவிரலை உயர்த்தினார்.

நான் குழாயடிக்குப் போய்க் கை கழுவிக்கொண்டு வந்து மேசையில் உட்கார்ந்தேன். அவர் அம்மா என் தட்டில் முதல் மீன் துண்டை வைத்தார்.